பாகுக் கடலை அக்கா

அந்த ஒரு வருஷத்தை நான் பாதித் தூக்கத்தில்தான் கழித்தேன். கைக்குழந்தைக்காரி யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். மகள் பிறந்ததும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, மதுரையில் நாலு வீடு சேர்ந்த ஒரு காம்பவுண்டில், ஜன்னலுக்குப் பழைய சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். எது கனவு, எது நிஜமாகவே அடுப்பில் பொங்கும் பால் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. பிற்பகல் மூன்றரை ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை; ஒரே மூச்சாக ஓடும் காற்றுச் சத்தம். கொஞ்ச நேரத்தில் வெல்லம் உருகும் வாசனை வரும். வெண்ணெய் வரும், ஏலக்காய் வரும். என் மகள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுக் கண்ணைச் செருகுவாள். நானும் செருகுவேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அக்கா. பெயர் இருக்கிறது, எழுதத்தான் கை வரவில்லை. எழுதினால், "என் பேர எதுக்கு டீச்சர் போட்டீக?" என்று கூச்சப்படுவார். கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நாற்பதுக்கு இன்னும் ஒன்றிரண்டு வயது பாக்கி. கல்யாணமான இரண்டாம் வருஷமே வீட்டுக்காரர் ரோட்டில் அடிபட்டுப் போய்விட்டார், பிள்ளை இல்லை. இதெல்லாம் அவர் சொன்னதில்லை, வீட்டு ஓனரம்மா சொன்னது. எங்கள் காம்பவுண்டில் ஓனரம்மாவுக்குத் தெரியாமல் ஒரு குக்கர் விசில் அடித்ததில்லை.

அந்தக் காற்றுச் சத்தம் ஏர் ஃப்ரையருடையது. ஆயுத பூசைக்குக் கம்பெனியில் குலுக்கல் போட்டு அக்காவுக்கு விழுந்தது. மூன்று மாதம் அது அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதன் மேல் டிவியை வைத்திருந்தார். "ஒத்த ஆளுக்கு எதுக்கு டீச்சர் மிஷினு?" என்பார். பிறகு ஒருநாள் போனில் யாரோ முந்திரிக்குப் பாகு பூசி மொறுமொறுவென்று எடுப்பதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குத்தான் டிவி தரைக்கு இறங்கியது.

முதல் தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும். முந்திரியை மிஷினின் கூடையில் போட்டு, வெல்லப் பாகை ஒரு கரண்டி நிறைய மொண்டு மேலே ஊற்றிவிட்டார். சாம்பார் ஊற்றுகிற மாதிரி. அந்தக் கூடை முழுக்க ஓட்டை. பாகு அத்தனையும் அடியில் இறங்கிக் கருகி, காற்றாடி அந்தப் புகையை வெளியே தள்ள, ஓனரம்மா, "யாரு வீட்டு ஒயரு கருகுது?" என்று கத்திக்கொண்டே ஓடி மெயினைப் பிடுங்கிவிட்டார். பட்டப்பகல் வெயிலில் நாலு வீட்டு ஃபேனும் நின்றது. எல்லோரும் அக்கா வீட்டு வாசலில் கூடிவிட்டோம். நானும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அக்காவைக் காணோம். திரும்பிப் பார்த்தால் கூட்டத்துக்கு ஆகக் கடைசியில், எங்கள் தலைகளுக்கு மேலே எக்கி எக்கித் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"ஏத்தா, புகையிறது உன் வீடு. நீயே பின்னாடி நின்னு வேடிக்க பாக்குறியா?" என்றார் ஓனரம்மா.

"நீங்கல்லாம் முதல்ல பாருங்கக்கா" என்றார் அவர்.

சிரித்துச் சிரித்து எனக்குப் பிரசவத்தில் போட்ட தையல் வலித்தது. அந்தச் சிரிப்பில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். அக்கா எல்லாவற்றிலும் பின்னால்தான். ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிற கார்ப்பரேஷன் தண்ணீருக்கு அவர் குடம் கடைசிக் குடம். ஷேர் ஆட்டோ வந்தால், "நீங்க போங்க, நான் பின்னாடியே வாரேன்" என்பார். ஓனரம்மா மகள் கல்யாணத்துக்குக் காம்பவுண்டே வேன் பிடித்துப் போனோம். அவர் மட்டும் டவுன் பஸ்ஸில் வந்து, தாலி கட்டி முடிந்த பிறகு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். அங்கேதான் நிதானமாகச் சாப்பிட முடியுமாம். நான் அதை ஒரு குணம் என்றே நினைத்தேன். சிலருக்கு முந்திக்கொள்ளத் தெரியாது, அந்த வகை என்று.

பாகு மட்டும் சீக்கிரம் அவர் கைக்கு வந்துவிட்டது. "அம்புட்டுப் பாகு ஆகாது டீச்சர். முந்திரிக்குச் சட்ட போட்டாப் போதும், கம்பளி போத்தக் கூடாது" என்று சொல்லிக் காட்டினார். ஒரு கிண்ணத்தில் வெல்லப் பாகு, ஒரு ஸ்பூன் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், மிளகாய்த்தூள் இருக்கா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவு. அதில் முந்திரியோ பாதாமோ நிலக்கடலையோ போட்டுப் புரட்டி, கூடையில் காகிதம் விரித்துப் பரப்புவார். நாலு நிமிஷம். இழுத்து ஒரு குலுக்கு. மறுபடி மூன்று நிமிஷம். வெளியே வரும்போது ஒவ்வொன்றும் பளபளவென்று இருக்கும். எனக்கு ஒரு கிண்ணம், ஓனரம்மாவுக்கு ஒரு கிண்ணம், மாடி வீட்டுக்கு ஒன்று. உடைந்த துணுக்குகள் அவருக்கு.

என் மகள் அந்தச் சத்தத்துக்குத் தூங்குகிறாள் என்பதை முதலில் கண்டுபிடித்ததும் அக்காதான். மிஷின் ஓடினால் சுவருக்கு இந்தப் பக்கம் அழுகை நிற்கிறது, நின்றால் தொடங்குகிறது. காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்ததும், கை கால் கழுவுகிறாரோ இல்லையோ, மிஷினைப் போட்டுவிடுவார். சில நாள் வாசனையே வராமல் வெறும் சத்தம் மட்டும் வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. என் பிள்ளைக்காகக் காற்றை வறுத்துக்கொண்டிருப்பார்.

"கரண்டு வீணாப் போகுதேக்கா" என்று ஒருநாள் சொன்னேன்.

"அதான், சும்மா ஓடுறதுக்கு நாலு கடலையப் போட்டுவைக்கேன்" என்றார்.

அப்படித்தான் பாகுக் கடலை தினசரி ஆனது. நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு, எங்களில் யார் யாருக்குத் தாலாட்டு பாடினார்கள் என்று. பிள்ளை தூங்கியதும் அக்கா சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார். நான் திருப்பி இரண்டு தட்டுவேன். அந்தப் பிற்பகல்கள் எல்லாம் எனக்குள் ஒரே ஒரு நீளமான பிற்பகலாகத்தான் இருக்கின்றன. வெளிச்சம் சேலை நிறத்தில் இருக்கும், நாக்கில் லேசாக வெல்லம் இருக்கும்.

அவர் ஏன் பின்னால் வருகிறார் என்பது எனக்கு ஒரு பைக்கினால் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு மேலூரில் கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்தில் சூப்பர்வைசர் வேலை. காலை ஆறே காலுக்குக் கிளம்ப வேண்டும். அக்காவின் கம்பெனி வேன் ஆறரைக்குத் தெருமுனைக்கு வரும். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் உதைக்கிறார், உதைக்கிறார், அது இருமுகிறது, அவ்வளவுதான். நான் பிள்ளையோடு வாசலில் நிற்கிறேன். பக்கத்தில் அக்கா வீட்டுக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. இடுக்கில் சாப்பாட்டுப் பையின் கைப்பிடி தெரிகிறது. தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவை அடித்தது. கதவு அசையவில்லை. வேன் போய்விட்டது. அதற்குப் பிறகு பைக் ஸ்டார்ட் ஆகி, அவர் கேட்டைத் தாண்டித் திரும்பிய பின்னால், அக்கா வெளியே வந்தார்.

"வேன விட்டுட்டீகளேக்கா?"

"அசந்துட்டேன் டீச்சர்" என்றார். பளிச்சென்று தலை சீவி, பவுடர் போட்டு, செருப்பு மாட்டி நிற்கிறார். அசந்தாராம்.

எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. ஒரு ஆம்பளை வேலைக்குக் கிளம்பும்போது எதிரே வந்துவிடக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அன்றைக்கு மட்டுமல்ல, தினமும். கல்யாண வேனில் ஏறாதது, தண்ணீர்க் குழாயில் கடைசிக் குடம் வைத்தது, ஆட்டோவை விட்டது, எல்லாம் அதுதான். நான் குணம் என்று நினைத்தது குணமே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

"அக்கா, எங்க வீட்ல அதெல்லாம் பாக்க மாட்டோம். நீங்க பாட்டுக்கு வாங்க, போங்க."

அக்கா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார். "நீங்க பாக்க மாட்டீக டீச்சர். போற வழியில ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அப்பப் பாப்பீக."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், வாதாடவில்லை. மறுநாளிலிருந்து பைக்கைத் தெருவரை தள்ளிக்கொண்டு போய் அங்கே வைத்து உதைத்தார். இரண்டு மாதம் கழித்து ரிங் ரோட்டில் வண்டி வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். திருவாதவூரிலிருந்து என் மாமியார் போன் போட்டார். முதல் கேள்வி அடி பலமா என்பதில்லை. "கெளம்பும்போது யாருத்தா எதுக்க வந்தா?"

"யாரும் வரல அத்தே!" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அன்றைக்குப் பிற்பகல் மிஷின் ஓடவில்லை. பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள்.

மகளுக்குப் பதினோராம் மாதத்தில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவானது. இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன மண்டபத்தைப் பிடித்தோம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். என் அண்ணன் மேலூரில் இருக்கிறான். இருபத்தொரு தட்டு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். சீர்த் தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கணக்கு டீச்சரான எனக்கு இரட்டைப்படை என்ன பாவம் செய்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. இப்போதெல்லாம் பழம், பூ, பலகாரத்தோடு பாகு பூசிய முந்திரித் தட்டும் வைக்கிறார்கள். அண்ணன் பெண்டாட்டி அதைக் கடையில் வாங்கப் போனாள். நான் தடுத்து அக்காவிடம் கேட்டேன். அக்கா முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. மூன்று நாள் சாயங்காலம் உட்கார்ந்து, முந்திரியை அளவு பார்த்துப் பொறுக்கிச் செய்தார்.

தட்டுத் தூக்க ஆள் போதவில்லை. காம்பவுண்டுப் பெண்களையும் கூப்பிடலாம் என்றேன். அப்போதுதான் மாமியார் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் புள்ள மட்டும் வேணாந்தா. நல்ல புள்ளதான், நான் ஒண்ணும் சொல்லல. பச்சப் புள்ளைக்குச் செய்யிற காரியம் பாரு."

நான், "சரிங்கத்தே" என்றேன். வேறு என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். அதை எப்படி அக்காவிடம் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அவரே வந்து, "சீர் தூக்குறவுக போகட்டும் டீச்சர், நான் பின்னாடியே வாரேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. எழுதும்போது கூசுகிறது, ஆனால் அப்பாடா என்றுதான் இருந்தது.

காது குத்துகிற அன்று காலையில், தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் தட்டுகளை வரிசையாக வைத்து எண்ணியபோது இருபதுதான் இருந்தது. உருகிவிடக் கூடாதென்று சாக்லேட் தட்டை மேலூர் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்தவர்கள், அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அண்ணன் போனில் அலறினான். "ஏத்தா, இருவதுதான் இருக்கு!"

"ஒண்ண எடுத்துருண்ணே. பத்தொம்போதும் ஒத்தப்படதான்."

"தாய்மாமன் சீரக் கொறைக்கச் சொல்றியா? கூட்டலாம், கொறைக்கக் கூடாது!"

கோயிலுக்கு வெளியே நின்ற அக்கா இதைக் கேட்டிருக்கிறார். வீட்டில் தோல் நீக்கிய கடலை அரைக் கிலோ இருந்தது. "கால் மணி நேரம் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். இரண்டு ஈடாகச் செய்து, சுடச்சுடத் தாம்பாளத்தில் கொட்டி, அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோது மேளம் கிளம்பி வரிசை நகர்ந்துவிட்டது. அந்தத் தட்டை அவர் யார் கையிலும் கொடுக்க முடியவில்லை. பாகு பூசிய கடலை ஆறி முடிகிறவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இறுகப்போகிற நேரத்தில் கை நின்றால் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சுடுகிற தாம்பாளத்தை ஒரு கையில் அணைத்து, மறு கையில் முள்கரண்டியால் கிளறிக்கொண்டே வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார். இருபத்தொன்று.

நான் மண்டபத்தின் முன்கேட்டில் நிற்கிறேன். இடுப்பில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய மகள். பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு மாமியார். மேளம் கிட்டத்தில் கேட்கிறது, ஆனால் யாரும் வரக் காணோம். சமையல் சாமான் வந்த வண்டி சந்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம், முன்னும் போகாது, பின்னும் வராது. அண்ணன், "எல்லாரும் அப்பிடியே திரும்புங்க, சைடு கேட்டு வழியாப் போவோம்!" என்று கத்துவது கேட்டது. சந்தில் தட்டோடு ஒருவரை ஒருவர் தாண்ட இடமில்லை. நின்ற இடத்திலேயே எல்லோரும் திரும்பினார்கள்.

நாங்கள் உள்ளே ஓடிப் பக்கவாட்டுக் கேட்டுக்குப் போய் நின்றோம். வரிசை திரும்பி வந்தது. மேளம் இப்போது ஆகப் பின்னால், தூரத்தில் எங்கோ. முன்னால் சத்தமே இல்லை. அந்த வெயிலில், ஆவி பறக்கும் தாம்பாளத்தைக் குனிந்து கிளறிக்கொண்டே, சீருக்கு முதல் ஆளாக அக்கா நடந்து வந்தார். அவருக்குத் தெரியவே இல்லை. கடலை மட்டும்தான் கண்ணில். பின்னால் இருபது தட்டு. எனக்கு அது தூக்கத்தில் பார்ப்பது போல இருந்தது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலவும் இருந்தது. அவ்வளவு அழகாக இருந்தார்.

வாசலுக்கு வந்ததும் தலையை நிமிர்த்தினார். எதிரே ஆரத்தித் தட்டு. தட்டு அசையவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார். அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தார், வழி விட்டு ஒதுங்கலாம் என்று. ஒதுங்க இடமில்லை, அண்ணன் பெண்டாட்டி முந்திரித் தட்டோடு முதுகில் இடித்துக்கொண்டு நிற்கிறாள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, கோபமும் இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார்.

"சுத்துங்கத்தே" என்றேன்.

மாமியார் சுற்றினார். மூன்று சுற்றும் சுற்றினார், குறை வைக்கவில்லை. அக்கா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார், பின்னாலேயே எல்லாத் தட்டும் போயிற்று. என் மகள் காது குத்தும்போது வீரிட்டு அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள். அவள் இப்போது ஒன்றாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், நன்றாக இருக்கிறாள்.

இந்தக் கதையை நான் நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், "அத்தை ஒரே ஒரு நொடி தயங்கினாங்க, நான் உடனே சுத்தச் சொல்லிட்டேன்" என்றுதான் சொல்வேன். கேட்பவர்கள் என்னைப் பாராட்டுவார்கள். ஆனால் அன்றைக்கு மேடையில் தட்டுகளை இறக்கி வைத்த பிறகு, கடலையை அள்ளிக் கொடுக்கலாம் என்று கரண்டியைப் போட்டேன். கரண்டி இறங்கவில்லை. அரைக் கிலோவும் ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது. பாகு ஒரு நொடியில் அப்படி இறுகாது என்பது, அவரோடு சுவரைப் பகிர்ந்துகொண்ட எனக்குத் தெரியாதா?

அக்கா முள்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் பாளத்தைத் தட்டித் தட்டி உடைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பேச்சுவாக்குல கிளறாம விட்டுட்டேன் டீச்சர்" என்றார்.

நான் வாயைத் திறக்கும்வரை, அந்த வாசலில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.